ஆயாக்கொட்டகையில் ஒரு கோணல் சிரிப்பு

மலாயாவில், பெக்கோக் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். அங்கே நான் பிள்ளை பார்க்கிற ஆயாவாக இருந்தேன். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுக்க, போகிற பெண்கள் இருட்டோடு வந்து பிள்ளைகளை என் கொட்டகையில் விட்டுப் போவார்கள். பாலை நிறுத்துக் கொடுத்த பிறகு வந்து தூக்கிப் போவார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவு பலகைச் சுவர், உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை இருபத்துமூன்று பிள்ளைகள். மூன்று வயதான என் மகளும் அதில் ஒருத்தி. எனக்கு அப்போது இருபத்தாறு.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. பாதி மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆள் அதிகம் என்று சொல்லி, நோயாளிகளையும் வயதானவர்களையும் முதலில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக் கணக்கரான பெரிய கிராணியிடம் ஒரு பட்டியல் இருந்தது. யாராவது இருமினால் கூட, "மெதுவா இருமு, கிராணி காதுல விழுந்திடப் போவுது" என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். நான் மூன்று வயதில் இங்கே வந்தவள். என் அப்பா அம்மா இருவரையும் இந்த மண்ணில்தான் புதைத்திருந்தோம். இந்தியாவில் இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செகாமட் டவுனுக்குப் போய் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு ரயிலில் திரும்பினோம். மறுநாள் இடது காதுக்குப் பின்னால், எலும்பு புடைத்திருக்கிற இடத்தில், ஒரு குத்தல். பல்வலி போலவே இருந்தது, ஆனால் பல்லில் இல்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாயில் ஒழுகிச் சேலையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடியும் கொப்பளித்தேன். மறுபடியும் ஒழுகியது.

என் கணவர் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அவர் என்னைப் பார்த்துவிட்டு விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா, இப்படித் திரும்பு. சிரி."

"காலங்காத்தால என்னாத்துக்கு சிரிக்கச் சொல்றீங்க?"

"ஒரு வாட்டி சிரி."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒன் பாதி மொகம் சும்மா இருக்கு" என்றார்.

கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கம் கன்னம் தொங்கி, மூக்கருகே கோடு அழிந்து, புருவம் இறங்கி, இஸ்திரி போட்ட துணி போல மழமழவென்று இருந்தது. தொட்டால் விரல் பட்டது தெரிந்தது. கிள்ளினால் வலித்தது. ஆனால் அசையச் சொன்னால் அசையவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு ஜெபம் சொல்லக் கண்ணை மூடினேன். வலது கண் மூடியது. இடது இமை பாதியில் நின்றது. விழி மட்டும் மேலே உருண்டு போய் வெள்ளை தெரிந்ததாம். என் கணவர் ஒரு அடி பின்னால் போனார். கல்யாணமான எட்டு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

பயந்தாலும் வேலைக்குப் போக வேண்டும். முந்தானையை வாய்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டகையைத் திறந்தேன். முதலில் வந்தவள் ஒரு நெட்டையான பெண். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் லயத்தில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நாலு வயது மகனைக் கையிலும் ஆறு மாதப் பிள்ளையை இடுப்பிலும் கொண்டு வந்தாள். நான் கைக்குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது முந்தானை விலகியது.

"தங்கச்சி, என்னா இது? பேய் அறைஞ்சிருக்கு ஒன்ன" என்றாள்.

"இல்லக்கா, ரயிலுல காத்து பட்டிருக்கும்" என்றேன். 'பட்டிருக்கும்' என்பது வாயில் சரியாக வரவில்லை. ப-வுக்கும் ம-வுக்கும் இரண்டு உதடும் சேர வேண்டுமே. இடது பக்கம் காற்று புஸ் என்று போனது.

அன்று கொட்டகைச் சத்தம் என் இடது காதில் தகரத்தைத் தட்டுவது போல விழுந்தது. ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பிள்ளை அழுவது போல் கேட்டது. வாய் கோணியதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. மத்தியானம் சோற்றில் உப்பே இல்லை என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் தின்று பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

மாலையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மருந்து கொடுக்கிற டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. புண்ணுக்கு மருந்து கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதுமாக இருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ. எங்கை, நெத்தியை மேலை தூக்கிப் பாருங்கோ."

தூக்கினேன். வலது பக்கம் சுருக்கம் விழுந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கோபமாக வந்தது.

"என்னா ஐயா, எனக்கு இப்படி ஆயிருக்கு, நீங்க சந்தோசப்படுறீங்க?"

"நெத்தியும் அசையேல்லை, அதுதான் நல்ல செய்தி" என்றார். "மூளையிலை அடிபட்டுப் பக்கவாதம் வந்தா வாய் கோணும், ஆனா நெத்தி சுருங்கும். நெத்திக்கு மூளையின்ரை ரெண்டு பக்கத்தாலும் கட்டளை வருது. ஒரு பக்கம் போனாலும் மற்றப் பக்கம் பாத்துக்கொள்ளும். உங்களுக்கு நெத்தியும் போயிட்டுது. அப்ப பழுது மூளையிலை இல்லை, வெளியிலை வாற நரம்பிலை."

பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, கோழியிறகின் நுனியை உப்புத் தண்ணீரில் தொட்டு இடது ஓரத்தில் தடவினார். தெரியவில்லை. வலது ஓரத்தில் தடவினார். கரித்தது. காதில் சத்தம் பெரிதாகக் கேட்கிறதா என்று அவராகவே கேட்டார். நான் இன்னும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் இந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நம்பினேன்.

ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வந்து படத்தைக் காட்டினார். தோல் உரித்த முகம். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் பார்த்தேன். மூளையிலிருந்து ஒரு நரம்பு புறப்பட்டு, காது எலும்புக்குள் இருக்கிற குறுகிய குழாய் வழியாக வளைந்து வருகிறது. வருகிற வழியிலேயே காதுக்குள் இருக்கிற ஒரு சின்னஞ்சிறு தசைக்குக் கிளை கொடுக்கிறது. பெரிய சத்தத்தை அடக்கிக் கொடுப்பது அந்தத் தசை. நாக்கின் முன்பாதிக்கு ருசி கொண்டுவரும் நாரும் அதோடுதான் வருகிறது. பிறகு காதுமடலுக்குப் பின்னால் ஒரு துளை வழியாக வெளியே வந்து, கன்னத்தில் ஐந்து கிளையாகப் பிரிகிறது. டிரஸர் தன் உள்ளங்கையைக் காதருகே வைத்து விரல்களை முகத்தில் விரித்துக் காட்டினார். ஒரு விரல் நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று கீழுதட்டுக்கு, ஒன்று கழுத்துக்கு.

யாரோ அறைந்தது போலத்தான் அந்தக் கை இருந்தது. பேய் அறைந்தது என்று சொன்னவர்கள் எதையோ சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

"எலும்புக் குழாய்க்குள்ளை நரம்பு வீங்கிப் போச்சு. இடமில்லை, அதாலை நெரிபடுது. வீக்கம் வத்தினா திரும்பும்."

"எப்ப திரும்பும்?"

"கனபேருக்கு மூண்டு வாரத்திலை தொடங்கும். சிலருக்குக் கனநாள் எடுக்கும். சிலருக்கு முழுசாத் திரும்பாது. நான் பொய் சொல்ல மாட்டன்."

கண் காய்ந்து புண்ணாகிவிடக் கூடாது என்று சொட்டு மருந்து கொடுத்தார். தூங்கும்போது இமையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். கன்னத்தைக் கீழிருந்து மேலாக நீவிவிடக் கற்றுக் கொடுத்தார்.

கொட்டகை வேலையை நான் விடவில்லை. பெரியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை. நேராக மடியில் ஏறி, என் தொங்கிய கன்னத்தை விரலால் தூக்கிவிட்டுப் பார்ப்பார்கள். விட்டால் விழும். மறுபடியும் தூக்குவார்கள். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. மூன்றாம் நாள் நானும் சிரித்தேன். நான் சிரித்தால் பாதி வாய்தான் போகும். அதைப் பார்த்து என் மகள் தன் வாயையும் வலது பக்கமாக இழுத்துச் சிரித்தாள். எனக்குத் துணைக்குச் சிரிப்பதுபோல் இருந்தது. நான் அவளைத் தடுக்கவில்லை.

தடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரத்துக்குள் நெட்டையான பெண்ணின் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து மற்றவர்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் குடித்தால் வேண்டுமென்றே இடது கடைவாயில் ஒழுகவிட்டார்கள். என் கொட்டகைக்குள் அது ஒரு விளையாட்டு. லயத்தில் அதைப் பார்த்த தாய்மார்களுக்கு அது வேறு.

ஒரு மாலை எட்டுப் பெண்கள் ஆபீசுக்குப் போனார்கள். ஆயாவின் நோய் பிள்ளைகளுக்குத் தொற்றிவிட்டது என்று சொன்னார்கள். முன்னால் நின்று பேசியவள் நெட்டையான பெண். அவளை நான் குறை சொல்லமாட்டேன். என் மகளுக்கு அப்படி என்று நினைத்திருந்தால் நானும் போயிருப்பேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கேட்டுவிட்டு, பக்கவாதக்காரியைப் பிள்ளை பார்க்க வைத்தது யார் என்று கிராணியிடம் கேட்டாராம். மறுநாள் பெரட்டில் என்னைப் புல்லுவெட்டுக்குப் போகச் சொன்னார்கள். கொட்டகைக்கு வேறொருத்தியைப் போட்டார்கள். அடுத்த கப்பல் பட்டியலில் என் பெயரும் ஏறிவிட்டது.

"போறதுன்னா மூணு பேருமா போவோம்" என்றார் என் கணவர்.

"நான் போக மாட்டேன்."

"தொரை சொல்லிட்டாருலா. நம்ம என்னா செய்யிறது?"

"டிரஸர் ஐயா புஸ்தகத்துல இருக்கு. தொரை வந்து அதப் பாக்கட்டும்."

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பேசியது எனக்கே வியப்பாக இருந்தது. டிரஸரிடம் போய்ச் சொன்னேன். அவர் துரையிடம் போனார். டிரஸர் சொல்லுக்குத் துரை பட்டியலை மாற்றுவதில்லை. ஆனால் பல தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிற வெள்ளைக்கார டாக்டர் அடுத்த புதன்கிழமை வருவதாக இருந்தது. அவர் பார்த்துச் சொல்லும் வரையில் பொறுக்கும்படி டிரஸர் எழுதிக் கொடுத்தார். துரை சரி என்றார். ஒன்பது நாள் வெயிலில் புல் வெட்டினேன். மூடாத கண்ணில் தூசி விழாமல் துணி கட்டிக்கொண்டேன். தூரத்தில் கொட்டகையில் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கும். எந்தப் பிள்ளை, எதற்கு அழுகிறது என்பதுகூடத் தெரியும். போக முடியாது.

புதன்கிழமை டாக்டரின் மோட்டார் செம்மண் ரோட்டில் வந்தது. பால் நிறுத்துவிட்டுத் தாய்மார்கள் எல்லாரும் கொட்டகைக்கு வெளியே கூடிவிட்டார்கள். துரையும் கிராணியும் வந்தார்கள். டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார். டிரஸர் செய்த சோதனைகளையே செய்தார், கையையும் காலையும் தட்டிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் குனிந்து வாயைத் திறக்கச் சொன்னார். நாலு பிள்ளை வீறிட்டது. மற்றவை தூளிகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. புது ஆயா கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

டிரஸர் டாக்டரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளையள் நீங்கள் சொன்னாத்தான் கேப்பினம் எண்டு சொல்லிப்போட்டன். நீங்களே செய்விக்க வேணும்."

உள்ளே போனேன். ஒன்பது நாளுக்குப் பிறகு. பிள்ளைகள் என் காலைக் கட்டிக்கொண்டன. வரிசையாக உட்கார வைத்தேன்.

"இப்ப எல்லாரும் கண்ண இறுக்கி மூடுங்க. தொறந்திருக்கிறவங்கள பூனை புடிச்சிடும்."

அத்தனை கண்ணும் மூடின, இரண்டிரண்டாக. நானும் மூடினேன். யாரோ ஒரு பயல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். "ஆயா கண்ணு தொறந்திருக்கு. பூனை ஆயாவ புடிச்சிடும்" என்றான். வெளியே ஒரு பெண் சிரித்தது கேட்டது.

"கூரைய பாருங்க, மேல குரங்கு குந்தியிருக்கு" என்றேன். எல்லாரும் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே ஓட்டினார்கள். டாக்டர் வரிசையாக வந்து ஒவ்வொரு நெற்றியையும் இரண்டு விரலால் தொட்டார். ஒவ்வொரு நெற்றியிலும் முழுக்கச் சுருக்கம் இருந்தது. என் நெற்றியையும் தொட்டார். அதில் பாதிதான் இருந்தது.

"தவளை மாரி கன்னத்த உப்புங்க." உப்பினார்கள். டாக்டர் அழுத்தினார். ஒரு வாயிலிருந்தும் காற்று கசியவில்லை. என் கன்னத்தை அழுத்தினார். புஸ் என்று போனது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் இன்னொரு தடவை அழுத்தினார்.

கடைசியாக நானே யோசித்து ஒன்று செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

"ஆயா மாரி சிரிங்க."

பன்னிரண்டு வாய்கள் கோணின.

"இப்ப ஒங்கம்மா மாரி சிரிங்க."

எல்லாம் நேராகின. இருபத்துமூன்றில் பேசத் தெரிந்த அத்தனையும் காதுவரை சிரித்தன. பிறகு நெட்டையான பெண் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, தன் மகன் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டா, ஆயாவ பழிச்சுக் காட்டுனியா?"

"இல்லம்மா. ஆயா இப்படித்தான் சிரிக்கும்" என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். டிரஸர் மொழிபெயர்த்துச் சொல்ல, டாக்டரும் சிரித்தார். துரை மட்டும் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

டாக்டர் சொன்னதை டிரஸர் எல்லாருக்கும் உரக்கச் சொன்னார். இது பக்கவாதம் இல்லை. தொற்றுகிற நோயும் இல்லை. முகத்து நரம்பு நோய். இவளுக்குக் கையும் காலும் மூளையும் நன்றாக இருக்கின்றன. இவ்வளவு பிள்ளைகளை இப்படி உட்கார வைக்கிற ஆளைக் கப்பலில் அனுப்புவது தோட்டத்துக்கு நஷ்டம். கடைசி வாக்கியம் டாக்டர் சொன்னதா, டிரஸர் சேர்த்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கே அந்த எட்டுப் பெண்களும் மறுபடி ஆபீசுக்குப் போனார்கள். இந்த முறையும் நெட்டையான பெண்தான் முன்னால் நின்றாள்.

"அவ பேர எடுத்திடுங்க கிராணி ஐயா. நாளைக்கு அவ கொட்டாய தொறக்காட்டி நாங்க வெட்டுக்குப் போவல" என்றாள்.

கிராணி பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். நான் கண்ணால் பார்த்தேன். அதே பக்கத்தில் வேறு பெயர்கள் இருந்தன. அவர்களுக்காகச் சொல்ல ஆளில்லை, அவர்கள் போனார்கள். அதை எழுதாமல் விட முடியாது.

மறுநாள் கொட்டகையைத் திறந்தேன்.

நரம்பு திரும்பி வந்த விதம் எனக்கு நாள் நாளாக ஞாபகம் இருக்கிறது. முதலில் காது சரியானது. ஒரு பிள்ளை அழுதால் ஒரு பிள்ளையாகவே கேட்டது. பிறகு ஒரு மத்தியானம் கருவாடு தின்றபோது நாக்கின் இடது ஓரத்தில் சுருக்கென்று கரித்தது. உப்பு அவ்வளவு ருசி என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. இரண்டாவது துண்டை இடது பக்கமே ஒதுக்கி மென்றேன். சில நாள் கழித்துக் கன்னத்தில் புழு நெளிவது போல ஒரு துடிப்பு. வாயோரம் நூலிழை அளவு அசைந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வாரமே, கைக்குழந்தைக்குக் கஞ்சி ஆற்றும்போது உதட்டைக் குவித்தேன், குவிந்தது. ஊதினேன். கரண்டியில் கஞ்சி அலை அடித்தது. அன்று ஆற வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் ஊதினேன். ஆறிப்போன காப்பியையும் ஊதினேன். பாப்பா, அம்மா, மாமா என்று வாய் வலிக்கச் சொன்னேன். பிள்ளைகளும் கூடச் சொன்னார்கள்.

முழுக்கத் திரும்பியது என்று சொன்னால் பொய். பெரிதாகச் சிரித்தால் இடது கண் தானாகக் கொஞ்சம் சுருங்கும். வளர்ந்து வருகிற நரம்பு சில நேரம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிடும் என்றார் டிரஸர். கண் சிமிட்டுகிறேன் என்று நினைத்து என் கணவர் பதிலுக்குக் கண் சிமிட்டுவார்.

கடைசியாகத் திரும்பியது கண். மூன்று மாதம் ஆகியிருக்கும். நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினேன். டிரஸர் இமையைப் பெருவிரலால் மேலே தள்ளித் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். "பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி, தன் நோட்டில் எழுதி, கீழே கோடு இழுத்தார்.

சாயங்காலம் கொட்டகையில் பிள்ளையைத் தூக்க வந்த நெட்டையான பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "எங்க, மூடு பாப்போம்" என்றாள். மூடினேன். பால் பிசின் காய்ந்திருந்த விரலால் என் இமையைப் பிடித்துத் தள்ளினாள். இமை அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். அவளால் முடியவில்லை.

"அலமாக், தொறக்க மாட்டேங்குதே" என்று மலாய்க்காரர்கள் போல வியந்துவிட்டு வெளியே தலையை நீட்டி மற்றவர்களைக் கூப்பிட்டாள். வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தள்ளிப் பார்த்தாள். பதினோரு பெண்கள். நான் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியாலும் திறக்க முடியவில்லை.